ஒன்பது டைல்ஸுக்காக ஒரு குளியலறையை இடிக்க வேண்டுமா?

சுவருக்குள் புதைத்த தண்ணீர்க் குழாய் கசியத் தொடங்கினால், அந்தச் செலவு பிளம்பரின் கூலியோடு முடிவதில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் ஜி.ஐ. எனப்படும், துத்தநாகம் பூசிய இரும்பு பைப்புகளே சுவருக்குள் இருக்கின்றன. அவை உள்ளிருந்து துருப்பிடித்து, முதலில் எல்போ இருக்கும் வளைவுகளில்தான் விட்டுப்போகின்றன. அந்த இடத்தைத் திறப்பதற்கு மேலே ஒட்டியிருக்கும் டைல்ஸை உடைத்தே தீர வேண்டும். குழாயை ஒரே பகலில் மாற்றிவிடலாம். உடைத்த இடத்தில் திரும்ப ஒட்டுவதற்கு அதே டைல்ஸ் ஊரில் எங்கும் இல்லை என்பது தெரியவரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நங்கநல்லூரில் என் பெற்றோர் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு 2002-இல் கட்டப்பட்டது. மொத்தம் எட்டு வீடுகள். குளியலறைச் சுவர்களில் தந்த நிறத்தில், மெல்லிய பழுப்பு ரேகைகள் ஓடும் பன்னிரண்டுக்கு எட்டு அங்குல டைல்ஸ். இடுப்பளவு உயரத்தில் கொடியும் இலையுமாக ஒரு பார்டர். ஷவர் குழாய்க்குப் பின்னால் கசிந்த எல்போவை மாற்றியபோது ஏழு டைல்ஸும் இரண்டு பார்டர் துண்டுகளும் உடைந்தன. டைல்ஸ் ஒட்ட வந்த மேஸ்திரி, உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இப்ப வராது சார். மொத்தமா உடைச்சிட்டு டூ பை ஒன் போட்டுடலாம், ரூமும் பெருசா தெரியும்" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பன்னிரண்டுக்கு எட்டு இப்போது புழக்கத்தில் மிகவும் குறைந்துவிட்டது. இன்று குளியலறைச் சுவர்களுக்கு இரண்டடிக்கு ஓரடி டைல்ஸ்தான் பரவலாகப் போகிறது.

ஆனாலும் அந்த யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்துக்கு எட்டடிக் குளியலறையில் ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தால், கதவு ஜன்னல் கழித்து ஏறக்குறைய 165 சதுர அடி வரும். ஒன்பது துண்டுகள் மூடும் பரப்பு ஐந்து சதுர அடிதான். அந்த ஐந்து சதுர அடிக்காக, இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு விரிசலும் இல்லாமல் நிற்கும் 160 சதுர அடியையும் அதன் பின்னாலுள்ள கலவையோடு பெயர்த்துக் கொட்ட வேண்டும். டைல்ஸும் முக்கால் அங்குலக் கலவையும் சேர்ந்தால் அந்த இடிபாடு முக்கால் டன்னுக்குக் குறையாது. வயதான இருவர் வசிக்கும் வீட்டில் அந்தத் தூசியும் சத்தமும் வேறு. நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை, அதற்கு ஜோடி கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தேடிப் பார்த்ததில் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் உளியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நிற்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

டைல்ஸ் ஏன் இப்படி மறைந்துபோகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எதைத் தேடலாம், எதைத் தேடிப் பயனில்லை என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் தயாராகும் செராமிக் டைல்ஸில் மிகப் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. கூரை ஓடுகளுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் பெயர்பெற்றிருந்த அந்த ஊரிலும் அதைச் சுற்றியும் இன்று நூற்றுக்கணக்கான டைல்ஸ் ஆலைகள் இயங்குகின்றன. அரைத்துக் காயவைத்த மண்பொடியைப் பிரஸ்ஸில் அழுத்தி, சுட்டதும் கண்ணாடிபோல் மின்னும் கிளேஸ் பூச்சை மேலே ஊற்றி, வடிவத்தை அச்சிட்டு, நீண்ட ரோலர் சூளையில் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள். சூளை இரவும் பகலும் அணையாமல் எரிகிறது. ஒரு வடிவம் ஓடும்போது பல்லாயிரம் சதுர அடி ஓடும். பிறகு அடுத்த வடிவம் ஏறிவிடும். நமக்கு வேண்டிய பத்துத் துண்டுக்காக அந்த வரிசையை யாரும் நிறுத்தி மாற்ற மாட்டார்கள்.

2002-இல் இந்த வடிவங்களைத் துணித்திரை வழியாகவோ உருளைகள் வழியாகவோ அச்சிட்டார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை. விற்பனை குறைந்து அந்த வரிசையை நிறுத்தியதும் திரைகள் போய்விடும்; அவற்றோடு வடிவமும் போய்விடும். ஸ்பெயினின் காஸ்டெல்லோன் பகுதியில் 2000-ஆம் ஆண்டையொட்டி டைல்ஸுக்கான இங்க்ஜெட் அச்சு நடைமுறைக்கு வந்தது; 2010-க்குப் பின் சில ஆண்டுகளிலேயே அது நம் நாட்டு ஆலைகளையும் நிறைத்துவிட்டது. கணினிக் கோப்பை மாற்றினால் வடிவம் மாறிவிடும் என்றான பிறகு புதுப்புது வடிவங்களை இறக்குவது மிக எளிதாயிற்று. அதனால் ஒரு வடிவம் சந்தையில் நிற்கும் காலம் முன்பைவிடக் குறைந்துவிட்டது. பழைய வீட்டுக்காரர்களுக்கு இருக்கும் இந்தத் தொல்லை, இன்று புது வீடு கட்டுபவர்களுக்கு இன்னும் சீக்கிரமாகவே வந்து சேரும்.

வடிவம் கிடைத்தாலும் ஷேட், அதாவது நிறச்சாயல், சேராது என்பது இதன் இன்னொரு பக்கம். மண் மாறும், கிளேஸ் கலவையில் சிறு வேறுபாடு வரும், சூளையின் வெப்பம் சற்றே ஏறும் அல்லது இறங்கும். ஒரே பெயரில், ஒரே ஆலையில், ஒரு மாத இடைவெளியில் தனித்தனித் தொகுதிகளாகச் சுட்ட இரண்டு லாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். பெட்டியின் மேல் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் அச்சிட்டிருப்பது இதனால்தான்.

ஆகவே தேடலுக்குக் கிளம்பும் முன், எதைத் தேடுகிறோம் என்று கறாராகத் தெரிந்துகொள்ள வேண்டும். செல்பேசியில் எடுத்த படத்தைக் கடையில் காட்டுவதால் அதிகப் பயன் இல்லை. சுவரில் பட்ட வெளிச்சத்துக்கு ஏற்பத் தந்த நிறம் படத்தில் மஞ்சளாகவும் தெரியும், சாம்பலாகவும் தெரியும். உடையாத முழுத் துண்டு ஒன்று வேண்டும். அது கிடைக்காவிட்டால், ஒரு முழு மூலையும் இரண்டு பக்க விளிம்பும் உள்ள பெரிய சில்லாவது வேண்டும்.

அந்தத் துண்டைக் கழுவி முதலில் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கலவையைச் சுரண்டினால் அடியில் வரிவரியாகவோ கட்டம் கட்டமாகவோ புடைப்பு தெரியும்; பெரும்பாலும் அதன் நடுவில் தயாரிப்பாளரின் பெயரோ முத்திரையோ அழுந்தியிருக்கும். அதிலிருந்து ஆலை தெரியும், வடிவத்தின் பெயர் தெரியாது. பிறகு பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சுவர் டைல்ஸாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிவிடும். அவ்வகை டைல்ஸ் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் நீரை ஏற்கக்கூடியது. கண்ணாடிபோல் இறுகும்படி சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே ஏற்கும் என்பதால் சொட்டு அப்படியே மணியாக நிற்கும். இந்த வேறுபாடு ஒட்டும் முறையையும் பெயர்க்கும் முறையையும் முடிவு செய்கிறது.

அளவை அடி, அங்குலத்தில் சொல்வது நம் வழக்கம். ஆனால் தேடும்போது மில்லிமீட்டரில்தான் பேச வேண்டும். கடையில் ஓரடி என்று சொல்லும் டைல் உண்மையில் 300 மில்லிமீட்டர். ஓரடி என்பதோ 304.8. பதினாறுக்குப் பதினாறு என்று விற்றவை 395 அல்லது 396 மில்லிமீட்டரில் வந்தன. கணக்கின்படி பதினாறு அங்குலம் 406. பழைய வீடுகளில் இருக்கும் ஆறு அங்குல வெள்ளைச் சதுரங்களில் சில 152 மில்லிமீட்டர், சில 150. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. ஒரு வரிசையில் பத்துத் துண்டு வைத்தால் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிவிடும், இணைப்புக் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் போய்விடும். ஸ்கேலைக் காட்டிலும் வெர்னியர் காலிப்பர் நல்லது. தடிமனையும் அதிலேயே அளந்துகொள்ளலாம்: எங்கள் டைல் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இன்றைய பெரிய சுவர் டைல்ஸ் அதைவிடத் தடிமனாக இருப்பதால், பெரியதை வாங்கிப் பன்னிரண்டுக்கு எட்டாக வெட்டி ஒட்டலாம் என்ற யோசனைக்குச் சுவரை இன்னும் ஆழமாகக் கொத்த வேண்டியிருக்கும்.

விளிம்பு என்பது பலரும் கவனிக்காத ஒன்று. பழைய டைல்ஸின் விளிம்பு பிரஸ்ஸிலிருந்து வந்தபடியே இருக்கும். கிளேஸ் ஓரத்தில் மெல்ல வழிந்து வளைந்திருக்கும். புதிய ரெக்டிஃபைடு டைல்ஸைச் சுட்ட பிறகு நான்கு பக்கமும் அறுத்து நேராக்குகிறார்கள். அதன் ஓரம் கத்திபோல் நேராக நிற்கும். நிறம் முழுக்க ஒத்துப்போனாலும், ஜன்னல் வழியே சாய்வாக வெளிச்சம் விழும் நேரத்தில் பழைய துண்டுகளின் ஓரங்களில் ஒரு நிழல் ஓடும், புதியதில் ஓடாது. ஒட்டு அங்கே காட்டிக்கொடுத்துவிடும். அச்சு முறையும் அப்படித்தான். திரையில் அச்சிட்ட டைல்ஸில் ஒரே ரேகை ஒவ்வொரு துண்டிலும் அதே இடத்தில் திரும்ப வரும். இங்க்ஜெட்டில் அச்சிட்டது துண்டுக்குத் துண்டு மாறுவதும் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிறம் நுண்ணிய புள்ளிகளாகப் பிரிந்து தெரியும்.

இவ்வளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, முழுத் துண்டையும் எடுத்துக்கொண்டு பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைக்குப் போனேன். சென்னையில் டைல்ஸ், சானிட்டரி சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் இடம் அது. முகப்பில் ஆளுயரப் பலகைகளில் மின்னும் புதிய டைல்ஸ் இருக்கும் கடைகளில் என் துண்டைப் பார்த்த உடனேயே தலையசைத்தார்கள். பழைய கடை ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் அதைக் கையில் வாங்கி, நகத்தால் ஓரத்தைத் தடவி, "லாட் போச்சுன்னா போச்சுதான் தம்பி. கடையில தேடாதீங்க. கடைக்குப் பின்னாடி தேடுங்க" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். ஒரு வடிவம் நின்றுபோகும்போது கடையில் மிஞ்சுவது இரண்டு வகை. ஒன்று, அரைப் பெட்டி, கால் பெட்டி என்று விற்காமல் தங்கிப்போன சரக்கு. அது குடோனின் மூலையில் கிடக்கும், கடைப்பையனுக்கே தெரியாது, இருபது ஆண்டு அங்கேயே வேலை பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். இன்னொன்று, மாதிரிக்காகப் பலகையில் ஒட்டி வைத்த துண்டுகள். புதிய வரிசை வந்ததும் பழைய பலகையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். ஒரு பலகையில் ஆறேழு துண்டாவது இருக்கும், பார்டரும், இடையிடையே வைக்கும் அலங்காரத் துண்டான ஹைலைட்டரும் சேர்ந்தே இருக்கும். இப்படிப்பட்ட சரக்கு பெருநகரத்தைவிடச் சிற்றூர்க் கடைகளில் அதிக நாள் தங்குகிறது, ஏனென்றால் அங்கே இட நெருக்கடி குறைவு. சொந்த ஊர் செங்கல்பட்டுக்கோ விழுப்புரத்துக்கோ அப்பால் இருக்குமானால், அடுத்த முறை போகும்போது துண்டை எடுத்துக்கொண்டு போவது வீண் அல்ல. கடைக்காரரிடம் "இந்த டிசைன் இருக்கிறதா" என்று கேட்பதைவிட, "தங்கிப்போன பழைய பன்னிரண்டுக்கு எட்டு ஏதாவது இருக்கிறதா, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்பதில் பலன் அதிகம்.

எனக்கு அங்கேயும் கிடைக்கவில்லை. ஆனால் கடைக்குப் பின்னால் தேடு என்ற அந்தச் சொல் என்னை வீட்டுக்கே திருப்பி அனுப்பியது. எட்டு வீடுகளையும் ஒரே நேரத்தில் கட்டிய பில்டர், எட்டுக் குளியலறைகளுக்கும் ஒரே சரக்கைத்தான் இறக்கியிருப்பார். முதல் மாடியில் இருப்பவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே குளியலறையைப் புதுப்பித்துவிட்டார்கள்; அன்று லாரியில் ஏறிப்போன இடிபாட்டில் எங்களுக்கு வேண்டியது பத்து மடங்கு இருந்திருக்கும். மேல்வீட்டு மாமியிடம் கேட்டபோது, "பரண்ல ஏதோ கட்டி வெச்சிருந்தார் உங்க மாமா, பாருங்கோ" என்றார். 2002-ஆம் ஆண்டு நாளிதழில் சுற்றிய நான்கு முழு டைல்ஸ் அங்கே இருந்தன. அதே லாட். துடைத்துச் சுவரில் வைத்தபோது நிறத்தில் மயிரிழை வேற்றுமையும் இல்லை.

இன்னும் மூன்று டைல்ஸும் இரண்டு பார்டர் துண்டுகளும் வேண்டும். இந்த இடத்தில்தான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் வருகிறது. நின்றுபோன டைல்ஸ் மிச்சமிருக்கும் மிகப் பெரிய கிடங்கு, அது ஒட்டப்பட்டிருக்கும் அதே சுவர்தான். ஒவ்வொரு குளியலறையிலும் யார் கண்ணிலும் படாத இடங்கள் உண்டு: முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால், வாஷ்பேசின் தூணுக்குப் பின்னால், கீசருக்குப் பின்னால், எப்போதும் திறந்தே கிடக்கும் கதவின் பின்னால். சமையலறையில் மேடைக்குக் கீழே சிலிண்டர் நிற்கும் இடம், ஃபிரிட்ஜுக்குப் பின்புறம். அங்கிருந்து நல்ல துண்டுகளைப் பெயர்த்துக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டு, மறைவிடத்தில் ஏறக்குறைய ஒத்த வேறு டைல்ஸை ஒட்டிவிட்டால் போதும். பதினெட்டுக்கு இருபத்துநான்கு அங்குலக் கண்ணாடி ஒன்றின் பின்னால் பன்னிரண்டுக்கு எட்டு டைல்ஸ் நாலரைக்குச் சமமான பரப்பு மறைந்திருக்கிறது.

மேஸ்திரி முதலில் தயங்கினார். பெயர்க்கும்போது உடையாமல் வராது என்பது அவருடைய அனுபவம். உடைந்தால் நஷ்டம் எனக்குத்தான் என்று சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். ஆனால் வேலையில் இறங்கியபின் அவர் காட்டிய பொறுமையை வியந்து எழுதாமல் இருக்க முடியாது. கிரைண்டரைத் தொடவில்லை. உடைந்த ஹேக்சா பிளேடு ஒன்றின் முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, டைல்ஸுக்கு நடுவிலுள்ள ஒயிட் சிமெண்டை நான்கு பக்கமும் சுரண்டி எடுத்தார். டைலின் விளிம்பு பக்கத்து டைலோடு எங்கும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது, தொட்டுக்கொண்டிருந்தால் உளி அடியில் அந்த இடம்தான் சிதறும் என்றார். பிறகு விரல் முட்டியால் டைல் முழுவதும் தட்டிக் காட்டினார். நடுவில் கெட்டியான சத்தம், மூலைகளில் பொக்கென்று ஒரு சத்தம். அந்தக் காலத்தில் சிமெண்ட் கலவையை டைலின் நடுவில் உருண்டையாக வைத்துச் சுவரில் அழுத்திவிடுவார்கள். கலவை மூலை வரை பரவாது. ஒட்டும் வேலைக்கு அது குறைதான். பெயர்க்கிறவருக்கு அதுவே வழி. பொக்காக இருந்த மூலையின் அடியில் மெல்லிய பட்டை உளியைச் சுவரோடு ஏறக்குறைய ஒட்டினாற்போலப் படுக்கவைத்து, சின்னச் சின்ன அடிகளாக, ஒரே இடத்தில் இரண்டு முறை அடிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தார். டைலைத் தாக்காமல் கலவையைத் தாக்குவதே அந்த வேலையின் நுட்பம். முதல் டைலுக்கு ஒரு மூலை போயிற்று. அடுத்த மூன்றும் முழுதாக வந்தன. கதவின் பின்னாலிருந்த பார்டர் குறுகலானது என்பதால் அதற்கு இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்; அதுவும் வந்தது.

பெயர்த்த துண்டின் முதுகில் கலவை பாறையாக ஒட்டியிருக்கும். அதைச் சுத்தியலால் தட்டக் கூடாது. தரையில் ஈரச் சாக்கை விரித்து, டைலின் முகம் கீழே இருக்கும்படி வைத்து, கிரைண்டரில் அரைக்கும் சக்கரத்தைப் போட்டு மேலோட்டமாகத் தேய்த்து, வரிப்புடைப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆசிட் ஊற்றினால் கலவை கரையும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கலவையோடு கிளேஸின் பளபளப்பும் ஓரங்களில் மங்கிப்போகும் வாய்ப்பு இருப்பதால் நாங்கள் அதன் பக்கம் போகவில்லை. சிமெண்டில் ஒட்டுவதானால் இந்த வகை டைல்ஸை முதலில் தண்ணீரில் நன்றாக ஊறவிட வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் நீரை அது உறிஞ்சிக்கொண்டு பிடிப்பு வராமல் செய்துவிடும். டைல் அட்ஹெசிவில் ஒட்டுவதானால் ஊறவைக்க வேண்டியதில்லை. முதுகின் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். சின்ன ஒட்டு வேலைக்கு அட்ஹெசிவே சிறந்தது, ஏனென்றால் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனிலேயே பிடித்துக்கொள்வதால் பழைய டைல்ஸின் மட்டத்துக்கு வைப்பது எளிது. இதற்கெல்லாம் முன்னால், புதிய சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயில் அழுத்தச் சோதனை செய்து, கொத்திய இடத்தைப் பூசி, அது இறுகியபின் நீர்க்காப்புப் பூச்சும் கொடுத்திருக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு ஒட்டிய டைல்ஸை மறுபடி உடைக்க நேரக் கூடாது.

தரை டைல்ஸுக்கு வேறு நியாயம். நடைபாதையில் இருக்கும் துண்டு காலடி பட்டு மங்கியிருக்கும். கட்டிலுக்கு அடியில் இருப்பது புதிதாகவே இருக்கும். அதைப் பெயர்த்துக் கூடத்து நடுவில் ஒட்டினால் அதன் பளபளப்பே அதைத் தனித்துக் காட்டும். சுவரோரமாக, ஆனாலும் ஓரளவு நடமாட்டம் உள்ள இடத்திலிருந்து எடுப்பது நல்லது. இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ் வெயில் காலத்தில் திடீரென்று கூடாரம்போல எழும்பிவிட்டால் பதறி உடைத்துவிடாதீர்கள். அது எழும்பியதே ஒட்டாமல் இருந்ததால்தான். நீரை ஏற்காத அந்த உடலைச் சாதாரண சிமெண்ட் நன்றாகப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் முழுதாகவே கழன்று வரும். இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டியதும் சுவரோரத்தில் விரிவதற்கு இடம் இல்லாததும் அது எழும்பக் காரணங்கள் என்பதால், அதே டைல்ஸை ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் அறுத்து, இடைவெளி விட்டு, அட்ஹெசிவில் ஒட்டிவிடலாம். வேறு டைல்ஸ் தேட வேண்டிய அவசியமே அங்கு எழாது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டுவதற்கு வெறும் தந்த நிற டைல்ஸ் சில வாங்கினோம். அங்கே யாருக்கும் தெரியாது என்பதால் கவலை இல்லை. ஆனால் பக்கத்து வீடும் கைகொடுக்காமல், மறைவிடமும் போதாமல் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போது, ஏறக்குறைய ஒத்துப்போகும் டைலைக் கண்ணில் படும் சுவரின் நடுவில் ஒட்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடையில் ஒத்துப்போனதுபோல் தெரிந்த நிறம் வீட்டு எல்.இ.டி. வெளிச்சத்தில் பிரிந்து தெரியும், பகலில் இன்னொரு விதமாகத் தெரியும். பார்ப்பவரின் கண் தினமும் அங்கேயே போய் நிற்கும். அதைவிட, வேறுபாட்டை வெளிப்படையாகவே வைத்துவிடலாம். ஷவர் இருக்கும் சுவரில் தரையிலிருந்து மேல்வரை ஒரு டைல் அகலத்துக்கு நேர்பட்டையாக அழுத்தமான பழுப்பையோ பச்சையையோ ஒட்டினால், அது யோசித்துச் செய்த அலங்காரமாக நிற்கும். அந்தப் பட்டையிலிருந்து பெயர்த்த பழைய டைல்ஸ் அடுத்த பழுதுக்கான சேமிப்பாகவும் ஆகிவிடும். தரையில் அறைக்கும் கூடத்துக்கும் இடையே கிரானைட் பட்டை போடுவதும் இதே வகையில் சேரும்.

டைல்ஸின் மேல் படத்தை அச்சிட்டுத் தருவதாகச் சொல்லும் கடைகள் இப்போது உண்டு. அவற்றில் பெரும்பாலானவை செய்வது சூளையில் சுடாத அச்சு. மேலே பூசிய ஒரு பிளாஸ்டிக் படலத்தில் நிறம் ஏறியிருக்கும். பெயர்ப்பலகைக்கு அது போதும். தினமும் தேய்த்துக் கழுவும் குளியலறைச் சுவரில் கீறலும் மங்கலும் வரும். எனாமல் பெயிண்ட் அடிப்பதும் ஈரம் படும் இடத்தில் நிலைக்காது. பார்டர்போல ஓரிரண்டு துண்டு மட்டும் வேண்டுமானால், சூளை வைத்திருக்கும் மட்பாண்டக் கலைஞர்களைக் கேட்டுப் பார்க்கலாம். புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் உட்படப் பலர் அந்தப் பக்கம் சூளை வைத்திருக்கிறார்கள். கிளேஸ் நிறத்தை ஒத்துவரச் செய்வதற்குச் சில முறை சுட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் விலையும் நேரமும் கூடும். ஒரு முழுச் சுவருக்கு அது கட்டுப்படியாகாது, ஓர் இலைக்கொடித் துண்டுக்குக் கட்டுப்படியாகலாம்.

இந்த விஷயத்தில் ஆத்தங்குடிக்காரர்கள் எவ்வளவு பாக்கியசாலிகள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில் கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். சூளையே கிடையாது. அச்சு இருக்கும் வரை தாத்தா காலத்துத் தரைக்கும் ஒரே ஒரு கல் செய்து தர முடியும். நடந்து நடந்து ஏறிய மெருகு மட்டும்தான் புதியதில் இருக்காது. அதே செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் இருக்கும் ஜப்பானியப் புடைப்பு மலர் டைல்ஸுக்கு அந்த வசதி இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த அவை பல தலைமுறைக்கு முன்பே நின்றுபோனவை. தைவானில் இதே வகை டைல்ஸை, இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து பெயர்த்துக் காப்பாற்றி, ஜியாயி நகரில் 2016-இல் ஓர் அருங்காட்சியகமே திறந்திருக்கிறார்கள்.

எங்கள் சுவருக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் டைல்ஸின் இடைவெளிகளை நிரப்பும் கிரவுட் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்பது துண்டும் அதே லாட்டாக இருந்தும், முதலில் ஒட்டி முடித்தபோது இடம் தெரியத்தான் செய்தது. பழைய இணைப்புகளில் இருந்த ஒயிட் சிமெண்ட் இருபத்திரண்டு ஆண்டு சோப்புத் தண்ணீரில் பழுப்பேறியிருந்தது; புதிய வெள்ளை, ஒட்டிய பகுதியைக் கோடு போட்டுக் காட்டியது. ஒயிட் சிமெண்டில் துளி மஞ்சள் ஆக்ஸைடு சேர்த்துப் பழையதன் நிறத்துக்குக் கொண்டுவரலாம் என்றார் மேஸ்திரி. சிறிய இடத்துக்கு அது போதும். நாங்கள் அந்தச் சுவர் முழுவதிலும் பழைய இணைப்புகளைச் சுரண்டி, எல்லாவற்றுக்கும் ஒரே தந்த நிற எபாக்ஸி கிரவுட் இடச் சொன்னோம். கூலி கூடியது. ஆனால் அதற்குப் பிறகு எந்த டைல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. ஒவ்வொரு வகை டைல்ஸிலும் பிரிக்காத ஒரு பெட்டியையாவது எடுத்து வையுங்கள். பார்டர் இருந்தால் அதிலும் சில துண்டுகள். படுக்கவைத்து அடுக்காமல் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தால் உடையாது. பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பெயர், அளவு, ஷேட் எண், பேட்ச் எண் ஆகியவற்றைப் படமெடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். வேலை முடிந்த கையோடு மிச்ச டைல்ஸை மேஸ்திரி கேட்பார். மாட்டுக்கொட்டகைக்கோ மொட்டைமாடிக்கோ ஆகும் என்று கொடுத்துவிடுவது நம் வழக்கம். ஒரு பெட்டி போக மீதியைக் கொடுங்கள்.

எங்கள் குடியிருப்பில் இப்போது பம்ப் அறையின் ஒரு பக்கச் சுவரில் இரும்பு அலமாரி ஒன்று வைத்திருக்கிறோம். யார் வீட்டில் குளியலறையோ சமையலறையோ புதுப்பித்தாலும், இடிப்பதற்கு முன் ஒரு நாள் மேஸ்திரியை விட்டு, கழன்று வரக்கூடிய டைல்ஸை முழுதாக எடுத்து அங்கே வைத்துவிட வேண்டும். அதற்கான கூலியைச் சங்கம் கொடுக்கும். வேண்டியவர்கள் எழுதி வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் மாடியில் அடுத்த மாதம் வேலை தொடங்குகிறது. எங்கள் தந்த நிற டைல்ஸில் முப்பதாவது தேறும் என்று மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.